தலைகீழாகக் கட்டிய இருபத்தைந்து கண்கள்

தணிகாசலம் கிராணியார் எழுதிய நாவலை உண்மையில் எழுதிக் கொடுத்தது நான்தான் என்று கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கிளப்பியவன் நானில்லை. ஆனால் யாராவது நேரில் கேட்டால் உடனே மறுத்துவிடுகிற பழக்கமும் எனக்கு இல்லை. போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில், செம்பனை நாற்றுப் பண்ணையில் வேலை பார்க்கும் இரண்டு பேர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். "ஐயா, நீங்க மூணாம் வகுப்போட நின்னுட்டீங்கன்னு சொல்றாங்க. அப்புறம் எப்படி நாவலு?" என்று கேட்டார்கள். சோறு ஆறிக்கொண்டிருந்ததால் சிரித்துச் சமாளித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அது சரியில்லை என்று பட்டது. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்துவாள். விஷயத்தில் கை வைக்கக்கூடாது என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

என் பெயர் அங்கப்பன். கோலா சிலாங்கூரிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையின் கடைசியில் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே புல் வெட்டி, அங்கேயே நாற்றங்கால் மண்டோராகிப் பத்துப் பதினைந்து பேரை வேலை வாங்கியவன். என் தொழில் ஒட்டுக் கட்டுவது. விதையிலிருந்து முளைத்த ரப்பர்க் கன்று எவ்வளவு பால் கொடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. நிறையப் பால் தரும் மரத்தின் குச்சியிலிருந்து ஒரு கண்ணை, அதாவது துளிர்விடும் மொட்டை, பட்டையோடு எடுத்து, அந்தக் கன்றின் பட்டைக்குள் செருகிக் கட்டினால், அந்தக் கண் துளிர்த்து நல்ல மரமாகும். இதைக் கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் மூன்று வாரம் தங்கினார். நான்காம் நாளே நான் அவரைவிட வேகமாகக் கட்டினேன். மிச்ச நாட்களில் அவர் என்னிடம் தஞ்சோங் காராங்கில் எந்தக் கடையில் நல்ல மீன் கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். நூறு கண் கட்டினால் எனக்கு ஐந்து தவறுவது அபூர்வம். பக்கத்துத் தோட்டத்து மண்டோர்கள் வந்து நின்று என் கையைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பயிற்சிக் காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

தணிகாசலம் ஐயா எங்கள் தோட்டத்துக்குப் பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, வந்தது எண்பதுகளின் தொடக்கத்தில். அலுவலகத்தில் தோட்ட நிர்வாகியான துரைக்கு அடுத்தபடி அவர்தான். வெள்ளைச் சட்டை, பையில் மூன்று பேனா. யாரையும் அவர் அதட்டி நான் கேட்டதில்லை. கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருந்தால் கையில் இருக்கும் பேனாவை முதலில் மூடுவார். 'டக்' என்று அந்த மூடி விழும் சத்தம் கேட்டால் எதிரில் நிற்பவனுக்கு விஷயம் புரிந்துவிடும். லீவு கேட்கப் போய், அந்தச் சத்தம் கேட்டதும், "பரவால்லிங்க ஐயா, நான் வேலைக்கே வந்துர்றேன்" என்று திரும்பியவர்கள் உண்டு.

ஒரு நாள் அவர் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். பின்புறத்தில் பதினான்கு தொட்டி ரோஜா. கேமரன் மலையிலிருந்து கொண்டுவந்தவை. பாதி கருகிவிட்டன.

"எது போட்டாலும் பத்த மாட்டேங்குது மண்டோர். சாணி போட்டேன். உரம் போட்டேன். பாகான் நக்கோடா ஓமார் மீன்பிடி கிராமத்துலேர்ந்து இறால் தலை வரவழைச்சுப் போட்டேன்."

"எப்பப் போட்டீங்க ஐயா?"

"ஞாயித்துக்கெழம."

"எதை?"

"எல்லாத்தையும்தான்."

நான் ஒரு தொட்டியைக் கிளறி முகர்ந்து பார்த்தேன். "இதுக்குப் பசி இல்லிங்க ஐயா. அஜீரணம்."

சமையலறையில் கிராணியம்மா சிரித்துவிட்டார். "நான் சொன்னப்ப கேக்கலியே! மூணு நாளா இந்த நாத்தத்துல ஒரு வாய் சோறு எறங்கல மண்டோர். நீங்களாவது சொல்லுங்க."

செடிகளைப் பிடுங்கி, வேரைக் கழுவி, வெறும் மண்ணில் திரும்ப நட்டுக் கொடுத்தேன். அடுத்தடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்துக் கிளைகளைக் கழித்தேன். மூன்றாவது ஞாயிறு, நான் கத்தியும் கையுமாகச் செடிகளுக்கு நடுவே குந்தியிருக்கும்போது, அவர் ஒரு காகிதக் கட்டை எடுத்து வந்தார். ஆள்பேர் பதியும் பழைய செக்ரோல் தாள்களின் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்து.

"வேல செஞ்சுக்கிட்டே கேக்குறீங்களா? ஒரு கதை எழுதிக்கிட்டு இருக்கேன்."

"எத்தன நாளா ஐயா?"

"பதினோரு வருசமா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினோரு வருஷத்தில் ரப்பரே பால் கொடுத்துவிடும். ஆனால் அவர் வாசிக்கத் தொடங்கியதும் நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். பொன்னன் என்று ஒருவன், எங்களைப் போலவே ஒரு தோட்டத்தில் நாற்றங்கால் மண்டோர். அவன் மனைவி கோபித்துக்கொண்டு போன இடத்தில் மண் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"இந்தப் பொன்னன் எந்தத் தோட்டம் ஐயா?"

"எந்தத் தோட்டமும் இல்ல. அப்படி ஒரு ஆளே கெடயாது."

"கெடயாதா? இல்லாத ஆளுக்கா நான் அழுதேன்?"

"அதுக்குத்தான் பதினோரு வருசம் ஆச்சு," என்றார்.

அன்றிலிருந்து எனக்கு அது ஒரு பித்தாகப் பிடித்துக்கொண்டது. இல்லாதவனை எப்படி உண்டாக்குகிறார்? நானும் குச்சியிலிருந்து மரம் உண்டாக்குகிறவன்தான். ஆனால் எனக்குக் குச்சியாவது வேண்டும். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்தால் அவர் வீட்டுப் பின்புறத்துக்குப் போய்விடுவேன். அவர் வாசிப்பார், நான் கேட்டுக் குறை சொல்வேன். ஒரு பெண் பிப்ரவரி மாதத்தில் ரப்பர் மர நிழலில் உட்கார்ந்து அழுவதாக எழுதியிருந்தார். "பிப்ரவரில எல எல்லாம் கொட்டிப் போயிருக்குமே ஐயா. நெழலு ஏது?" என்றேன். அவளை ஏப்ரலுக்குத் தள்ளி அழவைத்தார். பொன்னன் ஆறு பக்கத்துக்கு மனவேதனைப்படும் இடத்தில், "இவன் எப்ப ஐயா வேலைக்குப் போவான்? வேலைக்கு வந்தவன்னு பேர் போட வேணாமா?" என்று கேட்டேன். ஆறு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. படித்தவர்கள் யாரும் அவருக்கு இப்படிச் சொன்னதில்லை என்று அவரே சொன்னார். நான் பொய் சொல்லவில்லை, கிராணியம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒன்பதாவது அத்தியாயத்தில் கதை நின்றுவிட்டது. பொன்னன் ஒட்டுக் கட்டுகிற அத்தியாயம் அது. அதில் அவன் ஒரு பெரிய தவறு செய்ய வேண்டும். என்ன தவறு என்று ஐயாவுக்குத் தெரியவில்லை. ஆகவே என்னிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். அந்த மாதிரிக் கேள்விகளை எந்தத் துரையும் என்னிடம் கேட்டதில்லை. கண்ணை உரிக்கும்போது என்ன சத்தம் வரும்? உள்பக்கம் என்ன நிறம்? விரலில் என்ன வாசம் நிற்கும்? எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தனை வருஷமாக அந்த வேலையைச் செய்தவன், மறுநாள் காலையில் நாற்றங்காலில் குனிந்து சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன். நனைந்த காகிதத்தை இன்னொரு காகிதத்திலிருந்து பிரிப்பதுபோல் ஒரு சின்னச் சத்தம். சொன்னதும் எழுதிக்கொண்டார். பிறகு, "பத்தாது அங்கப்பா. என் கையால செஞ்சு பாக்கணும்," என்றார்.

அலுவலக ஆட்கள் நாற்றங்காலில் கை வைக்கக்கூடாது என்பது துரையின் கட்டளை. ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஒரு தகட்டில் கட்டியவன் பெயர் தொங்கும். எந்தக் கையால் எத்தனை பிழைத்தது என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள். நான் கடைசி வரிசையில் என் பெயரை மாட்டி, அவருக்கு இருபத்தைந்து கன்றுகள் கொடுத்தேன்.

முறையைச் சொல்லிக் கொடுத்தேன். வெயில் ஏறுமுன் தொடங்க வேண்டும். கன்றின் அடியைத் துணியால் துடைத்து, மண்ணுக்குச் சற்று மேலே நெட்டுக்கு இரண்டு கீறல், குறுக்கே ஒரு கீறல். பால் வடியும். துடைக்க அவசரப்படக்கூடாது. அடுத்த கன்றுகளைக் கீறிக்கொண்டு போய், பால் உறைந்த பிறகு திரும்பி வந்து துடைக்க வேண்டும். பிறகு குச்சியிலிருந்து கண்ணைச் சீவி, பின்னால் ஒட்டியிருக்கும் கட்டையைப் பட்டை வளையாமல் பிரிக்க வேண்டும். உள்பக்கம் கடுகு அளவு ஒரு புள்ளி நிற்கும். அதுதான் கண்ணின் உயிர். அந்த இடத்தில் குழி இருந்தால் உயிர் கட்டையோடு போய்விட்டது என்று பொருள், தூக்கி எறிய வேண்டும். உள்பக்கத்தில் விரல் படக்கூடாது, வியர்வை ஆகாது. கன்றின் பட்டையைத் திறந்து செருகி, கீழிருந்து மேலாக பிளாஸ்டிக் நாடாவைச் சுற்ற வேண்டும். கூரை வேய்வது மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால்தான் மழைநீர் உள்ளே இறங்காது. இருபத்தோராம் நாள் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எல்லாம் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. கண்ணுக்கு மேல் கீழ் உண்டு. இலை உதிர்ந்த தழும்பு பிறை மாதிரி கண்ணுக்குக் கீழே இருக்கும், அப்படியேதான் செருக வேண்டும். எனக்கு அது கால் எது தலை எது என்பது மாதிரி. அதையா ஒருவருக்குச் சொல்வார்கள்? நான் எப்போதும் குச்சியின் அடியைச் சரிவாக வெட்டி, சரிவு கீழே இருக்கும்படி ஈரச் சாக்கு போட்ட வாளியில் நிறுத்துவேன். எடுத்த வாக்கில் கட்டினால் தானாகச் சரியாக இருக்கும். அந்த நேரம் கன்று நடும் பாலிபேக் பைகள் ஏற்றிய லோரி வந்துவிட்டது. இறக்கிவைக்கப் போனேன். திரும்பி வரும்போது ஐயா வரிசையை முடித்துவிட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டு அவ்வளவு நேர்த்தி. "கிராணி வேலைக்கு வராம இங்க வந்திருந்தா எனக்குப் போட்டியாயிருப்பீங்க," என்றேன். சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டார்.

இருபத்தோராம் நாள் நானே பிரித்தேன். நகத்தால் கீறிப் பார்த்தால் எல்லாம் பச்சை. இருபத்தைந்துக்கு இருபத்தைந்தும் பிழைத்திருந்தது. எனக்கே பொறாமையாக இருந்தது. அப்புறம்தான் தழும்பைக் கவனித்தேன். அத்தனையும் கண்ணுக்கு மேலே இருந்தது. எல்லாக் கண்ணையும் தலைகீழாகக் கட்டியிருந்தார்.

அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "வாளியில குச்சியெல்லாம் கலைஞ்சு கெடந்துச்சு. எடுத்து ஒழுங்கா அடுக்குனேன்," என்றார். "எப்படி அடுக்குனீங்க?" "சீவுன முனை மேல இருக்கிற மாதிரி." சொல்லிவிட்டு மேசைமேல் இருந்த குவளையைப் பார்த்தார். அதில் பென்சில்கள் எல்லாம் முனை மேலே பார்த்து நின்றன. இருவருக்கும் புரிந்தது. இருபது வருஷம் அலுவலகத்தில் உட்கார்ந்தவர் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது.

"புடுங்கிப் போட்டுர்றேன் ஐயா," என்றேன்.

"வேணாம். அது எப்படி மொளைக்கும்?"

"யாருக்குத் தெரியும்? தலகீழாக் கட்டுனத நான் வச்சுப் பாத்ததே கெடயாதுலா. பாத்த ஒடனே புடுங்கிருவோம்."

"உங்களுக்குமே தெரியாதா?" அவர் எழுந்துவிட்டார். "அங்கப்பா, இதுதான் பொன்னனோட தப்பு. இதத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன். அது எந்தப் பக்கம் போகுதுன்னு எனக்குப் பாக்கணும்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்போது நாற்றங்காலுக்குக் கண்டக்டர் வேலை காலியாக இருந்தது. மண்டோருக்கு மேலே, மாதச் சம்பளம், வரிசைவீட்டு லயத்தை விட்டுத் தனி வீடு. மூன்றாம் வகுப்புக்காரனுக்கு யாரும் அதைக் கொடுத்ததில்லை. ஆனால் துரை என் பெயரைத்தான் எழுதி அனுப்பியிருந்தார். தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய துரை இரண்டு மாதத்தில் வந்து நாற்றங்காலைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். என் மனைவி பாக்கியம் புது வீட்டு ஜன்னலுக்குத் திரைத்துணிகூட எடுத்துவிட்டாள்.

"பெரிய துரை பாத்தா என் வேல போயிரும் ஐயா."

"பாத்தா நான்தான் கட்டுனேன்னு சொல்லிக்கிறேன். அது என் பொறுப்பு."

நான் ஒத்துக்கொண்டேன். அவர் வற்புறுத்தியதால் மட்டும் இல்லை. எனக்கும் பார்க்க ஆசை வந்துவிட்டது. பத்து நாள் கழித்து கட்டிய கண்ணுக்கு மேலே இருந்த பழைய கன்றின் தலையை வெட்டிவிட்டேன். தினமும் காலையில் முதல் வேலையாக இருவரும் கடைசி வரிசைக்குப் போவோம். கண் வீங்கியது. துளிர் வெளியே வந்து மண்ணைப் பார்த்து இறங்கியது. அப்புறம் ஒரு காலையில் அதன் நுனி திரும்பியிருந்தது. சில நாட்களில் தூண்டில் கொக்கி மாதிரி வளைந்து மேலே ஏறியது. இருபத்தைந்தும் அப்படியே. ஐயா குந்தி உட்கார்ந்து படம் வரைந்துகொண்டார். "தெரிஞ்சுக்கிச்சு பாத்தீங்களா, மேல எதுன்னு," என்றார். அவ்வளவு அழகான கோணல் கன்றுகளை நான் அதற்குப் பிறகும் பார்த்ததில்லை.

பெரிய துரை வந்தார். எங்கள் துரையும், குறிப்பேட்டோடு கிராணியாரும், நானும் பின்னால் நடந்தோம். வரிசைக்கு வரிசை தலையாட்டிக்கொண்டே போனவர் கடைசி வரிசையில் நின்றார். குனிந்து ஒரு கன்றைத் தொட்டுப் பார்த்தார்.

"இனி சியாப்பா பூஞா?" இது யாருடையது என்று மலாயில் கேட்டார்.

நான் ஐயாவைப் பார்த்தேன். அவர் குறிப்பேட்டைப் பார்த்தார். திறந்த பேனா கையில் இருந்தது. வாய் திறப்பார் என்று நின்றேன். 'டக்' என்று மூடி விழுந்தது.

"சாயா பூஞா, துவான்," என்றேன். என்னுடையதுதான் என்றேன்.

பெரிய துரை ஏதோ சொன்னார். ஐயா பேனாவைத் திரும்பவும் திறந்து எழுதிக்கொண்டார். மண்டோரின் கவனக்குறைவு என்று எழுதியதாகப் பிறகு தெரிந்தது. அன்று மதியமே இருபத்தைந்தையும் பிடுங்கினேன். இரண்டு வாரத்தில் வேறு தோட்டத்திலிருந்து ஒருவர் கண்டக்டராக வந்தார். பாக்கியம் திரைத்துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"கதை கேக்கப் போனீங்கள்ல. கேட்டு முடிச்சாச்சா?" என்றாள்.

மூன்று ஞாயிறு நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை. நான்காவது ஞாயிறு சாயங்காலம் பெரிய கிராணி லயத்துக்கு நடந்து வந்தார். அதற்கு முன் எந்தப் பெரிய கிராணியும் எங்கள் லயத்துக்குள் கால் வைத்ததில்லை. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள். பாக்கியம் நாற்காலி போடவில்லை. நான் போட்டேன். அவர் காகிதக் கட்டைப் பிரித்து, ஒன்பதாவது அத்தியாயத்தை வாசித்தார்.

கதையில் இப்போது தலைகீழாகக் கட்டுவது ஒரு கிராணி, பழி ஏற்பது பொன்னன். எல்லாம் நடந்தபடியே இருந்தது. கிராணி ஏன் வாய் திறக்கவில்லை என்பதற்கு மட்டும் இரண்டு பக்கம். பிள்ளைகளின் படிப்பு, அலுவலக மரியாதை, ஓய்வுக்கு மிச்சம் இருந்த வருஷங்கள். கடைசியில் பொன்னன் அவர் தோளைத் தொட்டு, 'விடுங்க ஐயா' என்கிறான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"நல்லா வந்திருக்கு. அந்தக் கொக்கிக் கன்னு அப்படியே கண்ணு முன்னால நிக்குது. ஆனா ஒரு எடத்துல தப்பு."

"எங்க?"

"கடைசில. மண்டோர் மன்னிச்சிட்டான்னு போட்டிருக்கீங்க. அவன் இன்னும் மன்னிக்கலியே ஐயா."

உள்ளே பாக்கியம் பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. ஐயா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பிறகு அந்த வரியை அடித்தார்.

"அப்ப அவன் என்னதான் செய்வான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? கிராணி என்ன செய்றாருன்னு பாத்துட்டுத்தான் மண்டோர் செய்வான்."

மறுநாள் காலை நாற்றங்காலுக்கு வந்தார். கையில் ஒரே ஒரு தாள். துரைக்கு ஆங்கிலத்தில் எழுதிய கடிதம். எனக்குத் தமிழில் சொன்னார். 'கடைசி வரிசையைக் கட்டியது நான். மண்டோருக்கு அதில் பங்கில்லை. கேட்டபோது பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.' அவ்வளவுதான்.

"கதையில ரெண்டு பக்கம் இருந்துச்சே ஐயா. இதுல ஒத்த வார்த்தையாப் போச்சு?"

"அந்த ரெண்டு பக்கத்தையும் கிழிச்சுட்டேன் அங்கப்பா," என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனார்.

மதியம் துரை என்னைக் கூப்பிட்டு, ஏன் அன்றைக்கே உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டார். "பெரிய துரை கேட்டது வரிசை யாருதுன்னு. தகட்டுல என் பேருதானே தொங்குச்சு," என்றேன். வந்த கண்டக்டரைத் திருப்பி அனுப்ப முடியாது என்றார். ஐயாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. தோட்டத்தில் ஆங்கிலத்தில் டைப் அடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், ஆகவே அதையும் அவரேதான் அடித்தார். அந்தக் கண்டக்டர் அடுத்த வருஷம் செரண்டா பக்கம் தொழிற்சாலை வேலைக்குப் போனதும் எனக்கு அந்த இடம் கிடைத்தது. மூன்றாம் வகுப்பு படித்துக் கண்டக்டரானவன் எங்கள் தோட்டத்தில் நான் ஒருவன்தான். வேறு யாராவது இருந்தால் வந்து சொல்லட்டும்.

ஆனால் அதற்கு முன், கடிதம் கொடுத்த வாரத்து ஞாயிறைச் சொல்ல வேண்டும். நான் அவர் வீட்டுப் பின்புறம் போனேன். பழைய இடத்தில் குந்தி ஒரு ரோஜாவைக் கழித்தேன். அவர் வாசித்தார். கிராணி கடிதத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வருகிறார். பொன்னன் அவரைப் பார்க்கிறான். ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு கன்றுகளின் பக்கம் போகிறான்.

"இப்ப சரியா?" என்று கேட்டார்.

"சரி ஐயா. மேல வாசிங்க."

"மேல ஒண்ணும் இல்ல." அவருக்கே அது அப்போதுதான் தெரிந்த மாதிரி இருந்தது. "முடிஞ்சு போச்சு, அங்கப்பா."

நான் கத்தியைத் துடைத்து வைத்தேன், அவர் தாள்களை அடுக்கினார். உள்ளேயிருந்து கிராணியம்மா எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா? அப்பாடா! அப்ப இனிமே ஞாயித்துக்கெழமைல ரெண்டு பேரும் என்ன செய்யப் போறீங்க? எனக்கு மீன் கழுவித் தர்றீங்களா?"

ஐயா என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பார் என்று எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் காக்க வைத்தேன். பிறகு சிரித்துவிட்டேன். முதலில் சிரித்தவன் நான்தான். அது அந்த நாவலில் இல்லை.